எட்கர் ஆலன் போ: 40 வயதில் மர்மமாக இறந்த எழுத்தாளரின் கதைகள் இன்றும் நம்மைப் பயமுறுத்துவது எப்படி?

ஒருத்தன் ஒரு கிழவரைக் கொல்ல முடிவெடுத்துவிட்டான். இதைக் கதையின் இரண்டாவது பத்தியிலேயே அவனே சொல்லியும் விடுகிறான். கொலைகாரன் யார் என்ற கேள்விக்கு அங்கேயே வேலை இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் அந்தக் கதையைக் கீழே வைக்க முடியாது.

1843 ஜனவரியில் வெளியான 'தி டெல்-டேல் ஹார்ட்' என்ற அந்தச் சிறுகதையை எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. பெயர்தான் 'போ'. ஆனா படிக்க உட்கார்ந்தவரை எழுந்து போக விடமாட்டார்!

அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றத்தைத்தான் நாம் சஸ்பென்ஸ் என்கிறோம். அதை ஒரு சிறுகதைக்குள் எப்படிக் கொண்டு வருவது என்று எழுதிக் காட்டியதோடு நிற்காமல், கட்டுரைகளில் விளக்கமும் கொடுத்தவர் போ. அவருடைய சொந்த வாழ்க்கையும் பல ஆண்டுகள் அதே பதற்றத்தில்தான் ஓடியது.

யார் இவர்? இவருடைய கதைகள் எப்படி வேலை செய்கின்றன? வாங்க, விரிவாகப் பார்க்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை: சில கதைகளின் முடிவும் இதில் வருது.

3 வயதுக்குள் பெற்றோரை இழந்த சிறுவன்

1809 ஜனவரி 19-ம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார் போ. அப்பா டேவிட் போ, அம்மா எலிசபெத், இருவருமே மேடை நாடக நடிகர்கள். ஊர் ஊராகப் போய் நடிக்கும் வாழ்க்கை.

அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா 1811 டிசம்பரில் வர்ஜீனியா மாகாணத்தின் ரிச்மண்ட் நகரில் இறந்தார். காசநோய்தான் காரணம் என்று கருதப்படுகிறது. அப்போது அம்மாவுக்கு வயது 24. போவுக்கு 3 வயதுகூட முடியவில்லை.

அண்ணன், தங்கை, போ என மூன்று பிள்ளைகளும் மூன்று வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். போவை எடுத்து வளர்த்தவர் ரிச்மண்டைச் சேர்ந்த வியாபாரி ஜான் ஆலன். பெயரின் நடுவில் இருக்கும் ஆலன் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் சட்டப்படி அவர் போவைத் தத்து எடுக்கவே இல்லை. அது பின்னால் பெரிய பிரச்சினையாக மாறியது.

1815-ல் ஆலன் குடும்பம் பிரிட்டன் போனது. அங்கே சில பள்ளிகளில் படித்த போ, 1820-ல் ரிச்மண்ட் திரும்பினார். லண்டனை ஒட்டிய ஸ்டோக் நியூயிங்டன் பள்ளியின் நினைவுகளை, பிறகு 'வில்லியம் வில்சன்' என்ற கதையில் பயன்படுத்திக்கொண்டார்.

சூதாட்டக் கடன், பொய்ப் பெயரில் ராணுவம்

1826-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆனா கையில் காசு இல்லை. செலவுக்கு ஆலன் போதுமான பணம் அனுப்பவில்லை என்பது போவின் புகார். சூதாடிக் கடனில் மூழ்கிவிட்டான் என்பது ஆலனின் புகார். ஒரே ஆண்டில் படிப்பு நின்றது.

அதே நேரத்தில் காதலும் கைவிட்டுப் போனது. எல்மிரா ராய்ஸ்டர் என்ற பெண்ணுக்கு அவர் எழுதிய கடிதங்களை அந்தப் பெண்ணின் அப்பா கைக்குப் போகவிடாமல் தடுத்துவிட்டார். எல்மிரா வேறு ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

வீட்டை விட்டு வெளியேறிய போ, 1827-ல் எட்கர் பெர்ரி என்ற பொய்ப் பெயரில் ராணுவத்தில் சேர்ந்தார். உண்மையான வயது 18. சொன்ன வயது 22. அதே ஆண்டில் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அச்சடித்தது வெறும் 50 பிரதிகள் என்கிறார்கள். அட்டையில் ஆசிரியர் பெயர்கூட இல்லை, பாஸ்டன்காரர் ஒருவர் எழுதியது என்று மட்டும் இருந்தது. இன்று அதில் ஒரு பிரதி கிடைத்தால் அது கோடிக்கணக்கில் விலை போகும் அபூர்வப் பொருள்.

1830-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் நிலைக்கவில்லை. கடமையைச் செய்யவில்லை என்று ராணுவ நீதிமன்றம் விசாரித்து 1831-ல் வெளியே அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அண்ணன் ஹென்றி இறந்தார். அவருக்கும் வயது 24.

1834-ல் ஜான் ஆலன் இறந்தார். பெரிய பணக்காரர். ஆனால் உயிலில் போவுக்கு ஒரு பைசாகூட எழுதி வைக்கவில்லை.

ஏன் சிறுகதை? காரணம் பணம்!

எழுத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பது என்று முடிவெடுத்தார் போ. அன்றைய அமெரிக்காவில் அது கிட்டத்தட்ட தற்கொலை முயற்சி மாதிரி.

ஏன்னா, அப்போது வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. பிரிட்டிஷ் நாவல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் இலவசமாக எடுத்து அச்சடித்து விற்கலாம். 1891-ல்தான் சட்டம் மாறியது. சும்மா கிடைக்கும் நாவல் இருக்கும்போது, உள்ளூர் எழுத்தாளருக்கு யார் காசு கொடுப்பார்?

மிச்சம் இருந்த வழி பத்திரிகைகள். அவற்றுக்குத் தேவைப்பட்டது சின்னக் கதைகள். 1833-ல் பால்டிமோர் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில், 'எம்.எஸ். ஃபவுண்ட் இன் எ பாட்டில்' என்ற கடல் கதைக்கு போவுக்கு 50 டாலர் பரிசு கிடைத்தது. பாதை தெரிந்துவிட்டது.

1835-ல் 'பெரனீஸ்' என்ற கதை வெளியானது. ஒருவனுக்குத் தன் வருங்கால மனைவியின் பற்கள் மேல் வெறி. அவள் இறந்துவிட்டதாக நினைத்துப் புதைத்த பிறகு அவன் செய்யும் காரியம் ரொம்பக் கோரமானது. வாசகர்கள் புகார் செய்தார்கள். பத்திரிகை உரிமையாளருக்கு போ எழுதிய பதில் கடிதம் இன்றும் பேசப்படுகிறது. கதை எல்லை மீறியது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் புகழ்பெற்ற பத்திரிகைகள் எல்லாம் இப்படிப்பட்ட கதைகளால்தான் வளர்ந்தன, ரசிக்கப்பட வேண்டுமென்றால் முதலில் படிக்கப்பட வேண்டும் என்று வாதிடுகிறார்.

அவர் வெறும் பயத்தை விற்றார் என்று சொல்லிவிட முடியாது. கோரத்தைக் காட்டினால் வாசகர் முகம் சுளிப்பார், காக்க வைத்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய கதைகள் கற்றுக்கொண்டதைப் பார்க்கலாம்.

வர்ஜீனியாவின் இருமல்: 5 ஆண்டுகள் நீண்ட காத்திருப்பு

1836-ல் போ திருமணம் செய்துகொண்டார். மணப்பெண் அவருடைய அத்தை மரியா க்ளெம்மின் மகள் வர்ஜீனியா. போவுக்கு 27 வயது, வர்ஜீனியாவுக்கு 13. திருமண ஆவணத்தில் 21 என்று எழுதப்பட்டது. இன்றைய கண்ணில் இது குழந்தைத் திருமணம். போவைக் கொண்டாடுபவர்களும் இதைச் சங்கடத்தோடுதான் சொல்கிறார்கள்.

மூவரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். ரிச்மண்ட், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா என்று வேலை கிடைத்த இடமெல்லாம் வீடு மாறினார்கள். 1841-ல் 'கிரஹாம்ஸ்' பத்திரிகையில் ஆண்டுக்கு 800 டாலர் சம்பளத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டுதான் 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்' கதையில் துப்பறியும் டூபின் பிறந்தார். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு எல்லாம் முன்னோடி இவர்.

கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்த நேரத்தில், 1842 ஜனவரியில் அது நடந்தது. பாடிக்கொண்டிருந்த வர்ஜீனியாவின் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. காசநோய். அன்றைக்கு அதற்கு மருந்தே கிடையாது.

அவர் உடனே இறந்துவிடவில்லை. கொஞ்சம் தேறினார். வீட்டில் நம்பிக்கை வந்தது. திரும்ப ரத்தம். திரும்பத் தேறினார். திரும்ப விழுந்தார். இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, 5 ஆண்டுகள்.

வர்ஜீனியா இறந்து ஓராண்டு கழித்து, ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் போ இதை விவரிக்கிறார். ஒவ்வொரு முறையும் மனைவிக்கு விடைகொடுத்துவிட்டு, பிறகு அவர் பிழைப்பதைப் பார்த்து, திரும்பவும் அதே வேதனையைத் தொடக்கத்திலிருந்து அனுபவித்தாராம். மரணத்தைவிட, நம்பிக்கைக்கும் விரக்திக்கும் நடுவில் ஊசலாடியதைத் தாங்க முடியவில்லை என்கிறார். குடிப்பழக்கம் மோசமானதற்கும் அதையே காரணமாகச் சொல்கிறார்.

அவருடைய புகழ்பெற்ற திகில் கதைகளில் பெரும்பாலானவை இந்த 5 ஆண்டுகளுக்குள் வந்தவை. அதுக்காக எல்லாக் கதைகளும் மனைவியின் நோயிலிருந்து வந்தவை என்று சொல்லிவிட முடியாது. இளம்பெண்ணின் மரணத்தை மையமாக வைத்த 'பெரனீஸ்', 'லைஜியா' இரண்டும் அதற்கு முன்பே எழுதப்பட்டவை. ஆனால் காத்திருப்பு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது போவுக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது.

போ சொன்ன சூத்திரம் என்ன?

1842-ல் நத்தானியல் ஹாதோர்னின் கதைத் தொகுப்புக்கு எழுதிய விமர்சனத்திலும், 1846-ல் வெளியான 'தி ஃபிலாசஃபி ஆஃப் காம்போசிஷன்' கட்டுரையிலும் போ தன் முறையை விளக்கினார். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

• கதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும். அரை மணி நேரத்திலிருந்து 2 மணி நேரம் வரை. நடுவில் எழுந்து போனால் மாயம் கலைந்துவிடும்.

• வாசகர் மனதில் என்ன உணர்வு தங்க வேண்டும் என்பதை எழுத்தாளர் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரு கதைக்கு ஒரே ஓர் உணர்வு.

• முதல் வாக்கியமே அந்த உணர்வை நோக்கி நடக்க வேண்டும். அதற்கு உதவாத ஒரு சொல்கூடக் கதையில் இருக்கக் கூடாது.

• முடிவைத் தெரிந்துகொண்டுதான் எழுதத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது கட்டுரை உண்மையில் 1845-ல் அவரை ஒரே நாளில் பிரபலமாக்கிய 'தி ரேவன்' கவிதையைப் பற்றியது. கணக்குப் போடுவது மாதிரி அந்தக் கவிதையை எழுதினேன் என்கிறார். அப்படியே எழுதியிருப்பாரா என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் சூத்திரம் வேலை செய்கிறதா என்று கேட்டால், அவருடைய கதைகளே சாட்சி.

5 கதைகள், 5 உத்திகள்

1. நேரத்தை இழுப்பது: 'தி டெல்-டேல் ஹார்ட்'

கிழவரின் ஒரு கண் பிணந்தின்னிக் கழுகின் கண் மாதிரி இருக்கு. அது பிடிக்காமல்தான் கொல்ல முடிவெடுக்கிறான் கதை சொல்பவன். தினமும் நள்ளிரவில் கிழவரின் அறைக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டுகிறான். தலையை நீட்டவே ஒரு மணி நேரம் ஆகிறது. 7 இரவுகள் அந்தக் கண் மூடியே இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை.

8-வது இரவு, விளக்கில் கைபட்டு எழுந்த சத்தத்தில் கிழவர் விழித்துவிடுகிறார். இருட்டில் இரண்டு பேரும் அசையாமல் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம். இங்கே நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிப்போம்.

கவனித்தால் ஒன்று புரியும். கதவு திறப்பதற்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்த போ, கொலையைச் சில வாக்கியங்களில் முடித்துவிடுகிறார். எது நடக்கிறதோ அதற்கு இடம் குறைவு, அது நடக்கும் முன் இருக்கும் நேரத்துக்குத்தான் இடம் அதிகம்.

இன்னொரு விஷயம், கதை சொல்பவன் தனக்குப் பைத்தியம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். சொல்லச் சொல்ல நமக்குச் சந்தேகம் கூடுகிறது. கடைசியில் போலீஸார் 3 பேர் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அவனுக்கு மட்டும் தரைக்கு அடியிலிருந்து இதயத் துடிப்பு கேட்கிறது. சத்தம் ஏற ஏற வாக்கியங்கள் சின்னதாகி, சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, அவனே கத்தி உண்மையைக் கொட்டிவிடுகிறான்.

2. அளவுகோல் ஒன்றைக் கண்முன் வைப்பது: 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்'

ஸ்பெயினின் டொலேடோ நகரில், மத விசாரணைக் காலத்து நிலவறை. கைதி ஒருவன் கட்டிப் போடப்பட்டிருக்கிறான். மேலே ஊசலாடும் ஒரு கூர்மையான கத்தி. ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது.

ஆபத்து வரும் என்று சொன்னால் மட்டும் போதாது, அது இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வாசகருக்குக் காட்ட வேண்டும். சினிமாவில் வெடிகுண்டின் மேல் ஓடும் சிவப்பு எண்களை நினைத்துப் பாருங்கள். அதே வேலையைத்தான் 1842-ல் இந்தக் கத்தி செய்தது.

3. எல்லோருக்கும் தெரிந்த நேரம்: 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்'

நாட்டில் கொள்ளைநோய். இளவரசன் ப்ராஸ்பெரோ ஆயிரம் நண்பர்களோடு கோட்டைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு விருந்து நடத்துகிறான். 7 அறைகள். கடைசி அறை கறுப்பு, அதன் ஜன்னல்கள் மட்டும் ரத்தச் சிவப்பு. அங்கே ஒரு பெரிய கடிகாரம்.

ஒவ்வொரு மணிக்கும் அது அடிக்கும்போது இசை நிற்கிறது, நடனம் நிற்கிறது, முகங்கள் வெளிறுகின்றன. அடித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, அடுத்த முறை பயப்பட மாட்டோம் என்கிறார்கள். அடுத்த மணிக்கு அதே பயம். 12 மணி வரும் என்று நமக்குத் தெரியும். 12 முறை அடிக்கும் இடைவெளியில்தான், கூட்டத்துக்குள் அழைக்காத முகமூடி ஒன்று நிற்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

கொரோனா ஊரடங்கு நாட்களில் உலகம் முழுக்கப் பலர் தேடிப் படித்த கதை இது. வெளியானது 1842 மே மாதம், வர்ஜீனியாவுக்கு முதல் முறை ரத்தம் வந்த சில மாதங்களில்.

4. முன்னாடியே விதைப்பது: 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்'

1839-ல் வந்த கதை. நண்பனின் பழைய மாளிகைக்கு ஒருவன் வருகிறான். சுவரில், கூரையிலிருந்து கீழே வரை, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு மெல்லிய விரிசல். ஒரே ஒரு வரி. நாமும் மறந்துவிடுவோம். கடைசிப் பக்கத்தில் அதே விரிசல் அகன்று, மாளிகை இரண்டாகப் பிளந்து குளத்துக்குள் மூழ்குகிறது.

அதற்கு முன் இன்னொரு காட்சி. புயல் இரவில் நண்பனைச் சமாதானப்படுத்த அவன் ஒரு கதைப் புத்தகம் வாசிக்கிறான். புத்தகத்தில் கதவு உடையும் இடத்தில், வீட்டுக்குள் எங்கோ அதே சத்தம். புத்தகத்தில் அலறல், வீட்டுக்குள்ளும் அலறல். சில நாட்களுக்கு முன் நிலவறையில் வைத்த தங்கை உயிரோடு ஏறி வருகிறாள் என்று யாரும் சொல்வதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது.

5. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது: 'தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ'

பழிவாங்கத் துடிக்கும் மான்ட்ரெஸர், அபூர்வ மது இருப்பதாகச் சொல்லி ஃபார்ச்சுனாட்டோவை நிலவறைக்குக் கூட்டிப் போகிறான். அவன் கொல்லப் போகிறான் என்பது முதல் பத்தியிலிருந்தே நமக்குத் தெரியும். ஃபார்ச்சுனாட்டோவுக்கு மட்டும் தெரியாது.

வேடிக்கை என்னன்னா, மான்ட்ரெஸர் அவனை இழுத்துப் போகவில்லை. ஈரக்காற்று உடம்புக்கு ஆகாது, இருமுகிறாயே, திரும்பிப் போய்விடலாம் என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு முறையும் நாம் மனதுக்குள் போயிடு, போயிடு என்கிறோம். அவன் இன்னும் ஓர் அடி உள்ளே வைக்கிறான். பிறகு சுவர் எழுகிறது, வரிசை வரிசையாக, மொத்தம் 11. கடைசியில் கேட்பது கோமாளித் தொப்பியின் மணிச் சத்தம் மட்டும்.

இது வெளியானது 1846 நவம்பர். அப்போது நியூயார்க்கின் ஃபோர்டம் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் வர்ஜீனியா தன் கடைசி மாதங்களில் இருந்தார். குளிருக்குப் போர்வை போதாமல் கணவரின் கோட்டைப் போர்த்திக்கொண்டு, சூட்டுக்காக வீட்டுப் பூனையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்க்கப் போனவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். குடும்பத்துக்கு உதவும்படி பத்திரிகைகளில் வேண்டுகோள்கூட வந்தது.

1847 ஜனவரி 30-ம் தேதி வர்ஜீனியா இறந்தார். வயது 24. அம்மா, அண்ணன், மனைவி, மூன்று பேரும் அதே வயதில்!

இன்றைய பேய்ப் படங்களில் இருந்து இது எப்படி மாறுபடுகிறது?

அமைதியான காட்சியில் திடீரென்று ஓர் உருவம் திரையில் பாயும். கூடவே காதைக் கிழிக்கும் சத்தம். தூக்கிவாரிப் போடும். ஆனால் அது அதிர்ச்சி. ஒரு நொடியில் முடிந்துவிடும், இரண்டாவது முறை பார்த்தால் வேலை செய்யாது.

போ நம்பியது வேறு ஒன்றை. என்ன வரப்போகிறது என்று ஓரளவு சொல்லிவிட்டு, அது வந்து சேரும் வழியை நீட்டுவது. அதனால்தான் முடிவு தெரிந்த பிறகும் இந்தக் கதைகளைத் திரும்பப் படிக்க முடிகிறது. சஸ்பென்ஸ் மன்னன் என்று பெயர் வாங்கிய இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கும் சின்ன வயதில் போவைப் படித்த தாக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி 5 நாட்கள்

1849 கோடையில் போ ரிச்மண்ட் திரும்பினார். எல்மிராவை நினைவிருக்கா? அவர் அப்போது கணவரை இழந்திருந்தார். பழைய காதல் மறுபடி துளிர்த்தது. திருமணம் செய்துகொள்வதாகப் பேச்சு இருந்தது. வேலை விஷயமாக ரிச்மண்டிலிருந்து செப்டம்பர் 27-ம் தேதி கிளம்பினார் போ.

அக்டோபர் 3-ம் தேதி, பால்டிமோரில் ஒரு மதுக்கடை அருகே அரை மயக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் இருந்தது வேறு யாருடையதோ போன்ற, அளவு பொருந்தாத உடை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லும் நிலைக்கு அவர் திரும்பவே இல்லை. அக்டோபர் 7-ம் தேதி இறந்தார். வயது 40.

காரணம்? குடி, மூளைக் கோளாறு, வெறிநாய்க்கடி நோய் என்று பல கருத்துகள் சொல்லப்படுகின்றன. இன்னொன்று தேர்தல் மோசடி. அவர் கண்டுபிடிக்கப்பட்ட நாள் அங்கே வாக்குப்பதிவு நாள், அந்த இடம் ஒரு வாக்குச்சாவடி. அந்தக் காலத்தில் ஆட்களைக் கடத்தி, மது கொடுத்து, உடை மாற்றி மாற்றிக் கள்ள ஓட்டுப் போட வைக்கும் கும்பல்கள் இருந்தன. உடை மர்மத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் எந்தக் கருத்தும் நிரூபிக்கப்படவில்லை.

இறந்த பிறகும் விடாத பகை

அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதற்கடுத்த நாளே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் ஓர் இரங்கல் கட்டுரை வந்தது. போ இறந்ததற்கு வருத்தப்பட ஆட்கள் குறைவு என்ற தொனியில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட், போவுக்குப் பழைய போட்டியாளர்.

கொடுமை என்னன்னா, போவின் படைப்புகளைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பும் இதே கிரிஸ்வோல்டிடம்தான் போனது. அதோடு சேர்த்து 1850-ல் ஒரு வாழ்க்கைக் குறிப்பும் வெளியிட்டார். போ எழுதிய கடிதங்களை மாற்றித் திருத்தி, அவரைக் கேவலமான மனிதராகக் காட்டினார். அந்தப் பிம்பம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டு இந்த மோசடியை ஆய்வாளர் ஆர்தர் ஹாப்சன் குவின் முழுமையாக வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது 1941-ல். கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் கழித்து!

ஆனா கதைகளை யாராலும் மாற்ற முடியவில்லை. பிரான்ஸில் கவிஞர் பொதலேர் அவற்றை மொழிபெயர்த்து ஐரோப்பா முழுக்கக் கொண்டு போனார். ஜப்பானில் ஓர் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ என்ற பெயரின் ஒலியையே தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். எடோகாவா ரம்போ என்ற அவர்தான் ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடி. பால்டிமோரின் அமெரிக்கக் கால்பந்து அணி 'ரேவன்ஸ்' பெயர் வாங்கியதும் போவின் கவிதையிலிருந்துதான்.

எந்தக் கதையில் தொடங்கலாம்?

போவின் கதைகளுக்கு இப்போது காப்புரிமை இல்லை. இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையில் தொடங்கலாம். ரொம்பச் சின்னது, கால் மணி நேரம் போதும். அடுத்து 'தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ'. மொழி கொஞ்சம் கடினமான 'அஷர்' கதையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போ சொன்ன முதல் விதியை மட்டும் மறக்காதீங்க. ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்கணும். நடுவில் மெசேஜ் பார்க்கப் போனால் அவ்வளவுதான். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு உட்காருங்கள்.